ஊற்றுகிறவளின் பங்கு

எங்கள் தெருவில் தெரெரே என்றால் நிமியா வீட்டுத் தெரெரேதான் என்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. முதலிலிருந்து தொடங்கு என்றீர்கள், எனக்கு அதுதான் முதலாகத் தோன்றுகிறது.

எதுவும் தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோலச் சொல்லச் சொன்னீர்கள், அரசு வழக்கறிஞர் அம்மா. மாலைப் பள்ளியில் எங்கள் ஆசிரியையும் அப்படித்தான் சொல்வார். முதலில் பொருள், பிறகு நடந்த வரிசை, கடைசியில் காரணம். காரணம் எழுதும்போதுதான் எனக்கு எப்போதும் மதிப்பெண் குறையும். தவறாகச் சொன்னால் திருத்துங்கள்.

பொருள் இதுதான். மாட்டுக்கொம்பைக் குடைந்து செய்த குவளை, அதைக் குவாம்பா என்கிறோம். அதில் முக்கால் பங்கு யெர்பா இலைத்தூள். பக்கத்தில் ஐஸும் நசுக்கிய புதினாவும் போட்ட தண்ணீர்க் கூஜா. வட்டமாக உட்கார்ந்து, ஒரே குவளையில், ஒரே குழலில், மாற்றி மாற்றிக் குடிக்கிறோம், அதுதான் தெரெரே. முதலில் ஊற்றும் தண்ணீர் புனித தோமாவுக்கு. அதை யாரும் குடிப்பதில்லை, தூள் இழுத்துக்கொள்ளும். அடுத்த இரண்டு வாய் ஊற்றுகிறவளுக்கு. கசப்பும் தூசியும் அதோடு போய்விடும். கசப்பை அடுத்தவர் கையில் கொடுப்பது வளர்ப்பு சரியில்லாதவர்கள் செய்கிற வேலை. வட்டத்தில் யார் இளையவரோ அவர்தான் ஊற்ற வேண்டும்.

எங்கள் வீட்டில் யெருத்தி ஊற்றினாள். என் மூத்த மகள், பதினேழு வயது. அவளைப் பெற்றபோது எனக்குப் பதினாறு. அதோடு என் பள்ளி நின்றது. இரண்டு வருடமாகத்தான் மாலை வகுப்புக்குப் போகிறேன். சின்னவள் செலெஸ்தெக்கு எட்டு வயது, சிந்தாமல் ஊற்ற இன்னும் கை வரவில்லை என்று அவளை விடவில்லை. கணவர் புவெனோஸ் ஐரெஸில் கட்டட வேலையில் இருக்கிறார், ஞாயிறுதோறும் பேசுவார். பிள்ளைகள் நலமா என்று கேட்பார். நலம் என்பேன்.

யெருத்தியோடு நலமாக இருப்பது எளிதாக இருக்கவில்லை. ஒரு நாள் காலையில் என் பின்னால் வந்து நின்று, கேட்காமலே என் தலையைப் பின்னிவிடுவாள்.

"மா, உனக்கு முப்பத்துமூணுதானே. கொஞ்சம் சிரிச்சா உன்னை என் அக்கான்னு நினைப்பாங்க."

"சிரிக்காட்டி?"

"சிரிக்காட்டி நம்ம தலைமையாசிரியை மாதிரி இருக்கே. மீசை ஒண்ணுதான் குறைச்சல்."

அந்த நாள் முழுக்கச் சீருடைப் பட்டறையில் என் தையல் நேராக ஓடும். மறுநாள் அதே பெண், துவைக்கப் போட்ட அவள் சட்டையை நான் எடுத்தேன் என்பதற்காகக் கதவை அறைந்து சாத்தினாள். சுவரில் இருந்த மாதா படம் கீழே விழுந்தது.

"என் சாமானத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? பதினாறு வயசுல நீ பண்ண தப்புக்கு நான் ஏம்மா ஜெயில்ல இருக்கணும்?"

"அந்தத் தப்பே நீதாண்டி" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்திருந்தால் சந்தைக்குப் போயிருக்கவே மாட்டேனோ என்னவோ. அவள் அறைக்குள்ளேயே இருந்தாள், சாப்பாட்டை வாசலில் வைத்தேன், தட்டு அப்படியே திரும்பி வந்தது.

சந்தையில் திக்னா என்றொருத்தி மூலிகை இடித்து விற்கிறாள். தூக்கம் வராதவர்களுக்கு ஒரு இலை வைத்திருப்பாள்.

"யாருக்கு, உனக்கா?" என்றாள்.

"வீட்டுல ஒருத்திக்கு."

"புருஷன் ஊர்ல இல்லைங்கிறே, அப்புறம் யாருக்குத் தூக்கம் கெடுது?" என்று சிரித்துவிட்டு, "ஒரு சிட்டிகைக்கு மேல போடாதே. குழந்தைங்களுக்கு ஆகவே ஆகாது, சொல்லிட்டேன்" என்றாள்.

யெருத்தி குழந்தையில்லை. அதை அவளே நாள் தவறாமல் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த இலைப்பொடியைக் குவாம்பாவின் அடியில் போட்டு, மேலே யெர்பா நிரப்பினேன். கூஜாவில் போடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கூஜாவில் போட்டிருந்தால் எல்லோருக்கும் போயிருக்கும். அடியில் போட்டால் முதல் இரண்டு வாயோடு போய்விடும், ஊற்றுகிறவளோடு. மூன்றாவது நான் குடிப்பேன், நாலாவது பக்கத்து வீட்டு எவுலோகியா, ஐந்தாவது செலெஸ்தெ. அதே குவளை, அதே குழல். விஷம் என்றால் எந்தத் தாயாவது அதில் வாய் வைப்பாளா?

அன்று மாலை யெருத்தி மாமரத்தடிப் பெஞ்சில் தூங்கிப்போனாள். எழுந்ததும் என் பக்கம் நகர்ந்து வந்து மடியில் தலை வைத்தாள். "மா, சிப்பா ரொட்டி இருக்கா? சூடா?" என்று கேட்டாள். குரல் ஐந்து வயதுக் குரல். இரண்டு வருடமாக அந்தத் தலையின் கனம் என் மடியில் இல்லை. ரொட்டியைப் பிய்த்து ஊட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

பிறகு கெட்ட நாட்களில் மட்டும் போட்டேன். கெட்ட நாள் வந்த பிறகு போடுவதைவிட வருமுன் போடுவது நல்லது என்று போகப்போகத் தெரிந்தது. முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். சில சமயம் தவறாகவும் கணித்திருக்கலாம்.

யெருத்தி வகுப்பில் தூங்கி விழுவதாகவும் மதிப்பெண் குறைந்ததாகவும் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். சுகாதார நிலையத்துக்கு நானேதான் அவளை அழைத்துப் போனேன். மருத்துவர் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். மரவள்ளி, சூப், ரொட்டி, முட்டை என்று ஒன்று விடாமல் சொன்னேன். "மனசுல ஏதாவது வச்சுக்கிட்டு இருக்கியா, கண்ணு?" என்று யெருத்தியைக் கேட்டார். தெரெரே குடிக்கிறாளா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதைக் கேட்பது, மூச்சு விடுகிறாயா என்று கேட்பது மாதிரி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்டில், எங்கள் குளிர்காலம் முடியும்போது, அவள் தேறத் தொடங்கினாள். சீக்கிரம் எழுந்தாள், படித்தாள். தோழி லுர்தெஸின் அம்மா மூலமாகத் தலைநகரில் ஒரு செவிலியர் பள்ளியைப் பற்றித் தெரிந்துகொண்டாள். இந்த வருடம் பள்ளி முடிப்பவர்களுக்கு மட்டும், விடுதியோடு, முழுச் செலவும் அவர்களே. நவம்பரில் ஒரு சனிக்கிழமை தேர்வு. என் முன்னால் நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"போறேன் மா. உன் மேல கோவத்துல போகல. போகணும், அவ்வளவுதான்."

"இங்க உனக்கு என்ன குறை?"

"குறையெல்லாம் இல்ல. மூச்சு முட்டுது."

மருந்து வேலை செய்யவில்லை என்று எனக்குத் தோன்றியது. சிட்டிகையைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். பலன் இல்லை. இன்னும் பெரிதாக்கினேன். அந்த நாட்களில் அவள் முதல் இரண்டு வாயை எங்களோடு உட்கார்ந்து குடிப்பதில்லை. குவாம்பாவை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அந்த வயதுப் பிள்ளைகள் முதுகைத்தானே காட்டுவார்கள். வேலியோரத்துப் புதினா பழுத்துப் பட்டுப்போனதை நான் வெயில் என்று நினைத்துவிட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. எட்டு வயதானதிலிருந்து செலெஸ்தெ தான்தான் ஊற்றுவேன் என்று அடம் பிடித்தாள்.

"சின்னவங்கதானே ஊத்தணும்? நான்தானே சின்னவ? மா, நீயே சொல்லு."

"சின்னவளுக்குக் கைய நேரா வச்சுக்கத் தெரியாது. போய் மூக்கத் துடைச்சிட்டு வா" என்பாள் யெருத்தி.

"உனக்குப் பதினேழு. கிழவி. கிழவிங்க ஊத்தக் கூடாது."

"கிழவி சொன்னாக் கேட்டுக்கணும். இந்தக் குவளையத் தொட்டே, கைய ஒடிப்பேன்."

சிரித்துக்கொண்டுதான் தொடங்குவாள். ஒரு நாள் செலெஸ்தெ குவாம்பாவைப் பிடுங்கப் போனபோது மட்டும் நிஜமாகவே கையில் அடித்துவிட்டாள். சின்னவள் அழுதாள். யெருத்தியும் அழுதாள், எதற்கென்று சொல்லவில்லை. தங்கைக்கு ஒரு சின்ன இடம்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள் என்று எவுலோகியாவிடம் வருத்தப்பட்டுச் சொன்னேன். "எல்லாம் வயசுக் கோளாறு, நிமியா" என்றாள் அவள்.

தேர்வுக்கு முந்தைய வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். சனி விடியும் முன் லுர்தெஸின் அம்மாவோடு பேருந்து ஏறுவதாக ஏற்பாடு. அவள் எழாமல் இருந்தால் போதும். தேர்வு அடுத்த வருடமும் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளுக்கு வராது என்று தெரியும். உண்மையைச் சொல்லச் சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன். பொட்டலத்தில் மிச்சம் இருந்த அத்தனையையும் அடியில் போட்டு, யெர்பா நிரப்பி, ஈரத் துணியால் மூடிப் பெஞ்சில் வைத்தேன். கூஜாவில் ஐஸ் போட்டேன். யெருத்தி பள்ளியிலிருந்து வரும் நேரம். எவுலோகியா செலெஸ்தெயோடு முற்றத்தில் இருந்தாள். நான் வகுப்புக்குக் கிளம்பினேன்.

அன்று கணக்குத் தேர்வு. கேள்வித்தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கைபேசியில் யெருத்தியின் செய்தி வந்தது. மனப்பாடமாக இருக்கிறது.

"மா, லுர்தெஸோட இன்னிக்கே பஸ் ஏறிட்டேன். சொன்னா விட மாட்டே. செலெஸ்தெயைக் குவாம்பாவத் தொட விடாதே. இப்பவே எவுலோகியாவுக்குப் போன் பண்ணு. ஏன்னு உனக்கே தெரியும். நாலு மாசமா அதையெல்லாம் புதினாவுக்குத்தான் ஊத்தினேன்."

படித்துவிட்டு, கைபேசியை மேசைமேல் குப்புற வைத்தேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அப்போது என்ன நினைத்தேன் என்பதை வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். எவுலோகியாவைக் கூப்பிட்டுக் குடிக்க வேண்டாம் என்று சொன்னால், ஏன் என்று கேட்பாள். அவள் கேட்காமல் விடுகிறவள் இல்லை. ஏனென்று சொன்னால் பொழுது விடிவதற்குள் தெரு முழுக்கத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை கணவருக்குத் தெரியும். எவுலோகியாவே ஊற்றுவாள் என்று நினைத்தேன். யெருத்திக்காகக் காத்திருப்பார்கள் என்றும் நினைத்தேன். ஈ மொய்த்து, குடிக்காமல் கொட்டிவிடுவார்கள் என்றுகூட நினைத்தேன். எத்தனையோ நினைத்தேன். கேள்வித்தாள் எதிரில் இருந்தது. முதல் கேள்வி சதவீதம்.

முடித்தேன். விடைகளை இரண்டு முறை சரிபார்த்தேன். எதையும் சரிபார்க்காமல் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

வீட்டுக்கு வந்தபோது செலெஸ்தெ பெஞ்சில் படுத்திருந்தாள். எவுலோகியா ஒரு போர்வையை மூடிவிட்டிருந்தாள்.

"சத்தம் போடாதே, தூங்கிட்டா" என்றாள். "நீ பார்த்திருக்கணும் நிமியா. அக்கா வரலேன்னதும் குவாம்பாவை ராணி மாதிரி மடியில வச்சுக்கிட்டா. நான் கை நீட்டினா தரல. முதல் ரெண்டையும் அவளே குடிச்சா, மூஞ்சிய அப்படிச் சுளிச்சிக்கிட்டு. துப்புடி, கசக்குதுன்னா துப்புன்னேன். மாட்டாளாம். 'கசப்பு எனக்கு, நல்லது உங்களுக்கு'ங்கறா, பெரிய மனுஷி."

குவாம்பாவை எடுத்துப் போய்க் கழுவிக் கவிழ்த்தேன். ஈரத்தூளோடு விட்டால் கொம்பு பூஞ்சை பிடித்துவிடும். அதன் பிறகு செலெஸ்தெயை எழுப்பிப் பார்த்தேன். அதன் பிறகு வண்டிக்கு ஆள் அனுப்பச் சொன்னேன். இந்த வரிசையை எவுலோகியா ஏற்கெனவே உங்களிடம் சொல்லியிருப்பாள், நான் மாற்றிச் சொல்லவில்லை. மருத்துவமனையில் விடியும்வரை அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விடிந்த பிறகு, போதும் விடுங்கள், அவள் போய்விட்டாள் என்றார்கள்.

யெருத்தி தேர்வு எழுதவில்லை. யாரோ கைபேசியில் சொல்லியிருக்கிறார்கள், அடுத்த பேருந்திலேயே திரும்பிவிட்டாள். இப்போது அத்தை வீட்டில் இருக்கிறாளாம். கத்துவதில்லை, கதவைச் சாத்துவதில்லை, வெளியே போக வேண்டும் என்று கேட்பதுமில்லையாம். உங்களிடமும் அந்தச் செய்தியைக் காட்டியதோடு சரி, ஒரு வார்த்தை பேசவில்லை என்றார்கள்.

ஆமாம், நான்தான் போட்டேன். யார் குடிப்பார்கள் என்று தெரிந்துதான் போட்டேன், போன் செய்யாமல் இருந்ததும் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் செலெஸ்தெக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை, அதையும் எழுத வேண்டும். அவளுக்கு ஐந்தாவது வாய்தான் வந்திருக்க வேண்டும், கசப்பெல்லாம் போன பிறகு, குளிர்ச்சியாக. பெரியவளைக் கேளுங்கள், அன்று தன் இடத்தில் ஏன் இல்லை என்று. நான் எல்லாவற்றையும் சரியாகத்தான் வைத்துவிட்டுப் போனேன்.