ஸெப் நிலை கலைஞ்ச கதை

இல்ல டாக்டரம்மா, ஊசிய இப்ப எடுக்காதீங்க. மொதல்ல அந்தப் பேப்பர இன்னொரு தடவ படிங்க. சத்தமாத்தான் படிங்களேன், இங்க நாயிங்கள விட்டா யாரு இருக்கா கேக்கறதுக்கு.

ம். பறவைக்கு முன்னால நிலை கலைஞ்சு ஓடுற நாய். வேட்டைக்கு வர்றவங்க உயிருக்கு ஆபத்து. அதனால ஊசி போட்டு முடிச்சிடவும். கீழ மொதலாளி மிஸ்டர் தாக்ஸ்டன் கையெழுத்து. நல்லா எழுதியிருக்காரு இல்ல? படிச்ச மனுஷன். ஒரு உசுர எடுக்கறதுக்கு மூணு வரி போதுமாம் அவருக்கு.

எங்க இருக்கானா? அந்தா, மூணாவது கூண்டு. வெள்ளையில ஈரல் நெறத்துல திட்டுத் திட்டா இருக்கானே, அவன்தான் ஸெப். பாருங்க, வால ஆட்டுறான். உங்களப் பாத்து வால ஆட்டுறான் முட்டாப்பய.

என் மூஞ்சியையா பாக்கறீங்க? நல்லாப் பாருங்க, பரவால்ல. எல்லாரும் பாக்கறாங்க. சர்ச்சுல கூட, பாட்டுப் புஸ்தகத்த மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டு ஓரமா எட்டிப் பாக்கறாங்க. ஏழு துப்பாக்கி ரவ உள்ள போச்சு. அஞ்ச எடுத்தாங்க. ரெண்டு உள்ளயே இருக்கு. இடது கண்ணு அவ்வளவுதான்.

முன்னாடி எப்பயாவது கலைஞ்சிருக்கானாவா? என்ன கேள்வி கேக்கறீங்க! தப்பா நெனைக்காதீங்க, நீங்க இந்தப் பக்கத்துக்குப் புதுசு. மாட்டுக்கும் குதிரைக்கும் நல்லா வைத்தியம் பாக்கறீங்கன்னு சொன்னாங்க. ஆனா ஒரு நாய் காடைக்கு முன்னால நிக்கறதுன்னா என்னன்னு தெரிஞ்சிருந்தா இப்படிக் கேக்க மாட்டீங்க.

உக்காருங்க. அந்தத் தீவன மூட்டை மேல உக்காருங்க. நான் கோவமா இல்ல. சரி, கோவமாத்தான் இருக்கேன், உங்க மேல இல்ல.

வாசம் பட்டதும் நிக்கறது இருக்கு பாருங்க, அது நான் சொல்லிக் குடுக்கறது இல்ல. ரத்தத்துலயே வருது. எட்டு வாரக் குட்டி கூட வண்ணத்துப்பூச்சியப் பாத்து ஒத்தக் கால மடக்கிக்கிட்டு நிக்கும். நிக்கறது பெரிய விஷயம் இல்ல, நின்னுக்கிட்டே இருக்கறதுதான் விஷயம். மூக்குக்கு முன்னால ரெண்டு முழத்துல பன்னண்டு காடை புல்லுக்குள்ள பதுங்கியிருக்கும். ஆளு நடந்து வருவான், புல்ல உதைப்பான். பன்னண்டும் ஒரே நேரத்துல படபடன்னு எந்திரிக்கும் பாருங்க, முப்பது வருஷம் பாத்த எனக்கே இன்னைக்கும் நெஞ்சு ஒரு தடவ தூக்கிப் போடும். அப்புறம் தலைக்கு மேல துப்பாக்கி வெடிக்கும். அடிபட்ட காடை கண்ணுக்கு முன்னால வந்து விழும். இத்தன நடந்தும் அவன் நாலு காலும் வச்ச எடத்துலயே இருக்கணும். உடம்புல இருக்கற ஒவ்வொரு நரம்பும் ஓடு ஓடுன்னு சொல்லும். நான் ஒருத்தன் நில்லுன்னு சொன்னதுக்காக அவன் நிப்பான்.

ஏன் நிக்கணுமா? உசுருக்காகத்தான். ஓடுற நாயி துப்பாக்கிக்கு முன்னால வந்துரும். நாயப் பிடிக்கப் போற ஆளும் வந்துருவான்.

இவன ஆறு மாசக் குட்டியில கையில எடுத்தேன். பழைய எண்ணெய் பீப்பா ஒண்ணப் படுக்கப் போட்டு, அதுமேல ஏத்தி நிக்க வைப்பேன். அசைஞ்சா பீப்பா உருளும், அவனே விழுவான். நான் வாயத் தொறந்து திட்ட வேண்டிய வேலையே இல்ல. அப்புறம் கழுத்துல முப்பதடிக் கயிறு, ஓடினா இழுத்து நிறுத்த. அப்புறம் புறா. பெட்டியில புறாவ அடைச்சு புல்லுல மறைச்சு வைப்பேன். இவன் வாசம் பிடிச்சு நிப்பான். ஒரு அடி, ஒரே ஒரு அடி முன்னால வச்சான்னா, என் கையில இருக்கற பட்டன அமுக்கிருவேன், மூடி தொறந்து புறா பறந்துரும். ஓடினா கெடைக்காது, நின்னா கெடைக்கும். இத அவனே கண்டுபிடிக்கணும் டாக்டரம்மா. நான் அடிச்சு மண்டையில ஏத்த முடியாது. எத்தன புறான்னு கேக்காதீங்க. வெர்னீஸ், என் பொஞ்சாதி, அவ சொல்லுவா, உன்ன எரிச்சாலும் பொதைச்சாலும் புறா எச்ச நாத்தம் போகாதுன்னு.

ரெண்டு குளிர்காலம் ஆச்சு. ஒரு அடி அடிச்சதில்ல. புரூக்ஸ் இருக்கானே, மொதலாளி மகன், ஒரு நாள் கொட்டிலுக்கு வந்து, ஏன் எஸெல் இவ்வளவு பாடுபடற, கழுத்துல கரண்டுப் பட்டைய மாட்டி நாலு அமுக்கு அமுக்கினா ரெண்டே வாரத்துல நிக்குமேன்னான். பறவ வாசம் வரும்போது கரண்டு வச்சா என்ன ஆகும் தெரியுமா? பறவதான் கடிச்சுதுன்னு நாய் நெனைச்சுக்கும். அதுக்கப்புறம் காடை இருக்கற பக்கமே தலை வச்சுப் படுக்காது. நல்ல நாயிங்க எத்தனையோ அப்படி வீணாப் போனத நான் பாத்திருக்கேன். உனக்கு மாட்டிவிட்டிருந்தா உங்கப்பனுக்குப் பாதி கஷ்டம் கொறைஞ்சிருக்கும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். நான் இந்தப் பண்ணையில முழுங்கினது கொஞ்சநஞ்சமா?

என்ன? என் வாக்குமூலமும் உள்ள இருக்கா? எங்க? அந்த மஞ்சத் தாளா. வேண்டாம், நீட்டாதீங்க. அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா.

சரி, சொல்றேன். ஜனவரி கடைசி வாரம், சனிக்கிழம. விருந்தாளிங்க ரெண்டு பேரு, அப்புறம் புரூக்ஸ், மூணு பேரும் குதிரையில. காலையில நல்ல வேட்டை. மத்தியானம் பைன் மரத்தடியில கழுதை வண்டிய நிறுத்தி சாப்பாடு. பொரிச்ச கோழி, பிஸ்கட்டு, அதோட புட்டி. விருந்தாளிங்க நாக்க நனைச்சதோட நிறுத்திக்கிட்டாங்க. புரூக்ஸ் நிறுத்தல. வண்டிக்காரன் கார்ல்டன் என்னப் பாத்தான், நான் அவனப் பாத்தேன். ரெண்டு பேரும் கோழிய மென்னுக்கிட்டிருந்தோம். சின்ன மொதலாளிகிட்ட, போதும் வைய்யா கீழன்னு யாரு சொல்றது? நான் சொல்லியிருக்கணும். அதுக்கும் சேத்துத்தான் இப்பக் கத்திக்கிட்டிருக்கேன்.

மூணு மணி சுமாருக்கு ஸெப் ஒரு புதர் ஓரமா நின்னான். தலை நிமிந்து, வாலு நட்டுக்கிட்டு. புரூக்ஸ் இடது பக்கம் வந்தான், ஒரு விருந்தாளி வலது பக்கம். காடையக் கிளப்ப நான் நடுவுல போனேன். எந்திரிச்சுது. ஒண்ணு மட்டும் மேல போகாம தாழ்வா, இடது பக்கமாத் திரும்பி, எனக்கும் புரூக்ஸுக்கும் நடுவுல புகுந்து பின்னால போச்சு. அந்த மாதிரி காடைய விட்டுரணும். காடைக்குக் கீழ வானம் தெரியலன்னா சுடக்கூடாது, அந்தப் பக்கம் ஆளு நிப்பான், பால் குடிக்கற பிள்ளைக்குக் கூடத் தெரியும் இந்தப் பண்ணையில.

பேப்பர்ல என்ன இருக்கு? நாய் நிலை கலைஞ்சு ஓடுச்சு, எஸெல் அதப் பிடிக்கத் தாவினான், துப்பாக்கிக்கு நேரா வந்துட்டான். அப்படித்தானே? புரூக்ஸ் பேரு எத்தன எடத்துல இருக்கு பாருங்க. ஒரே எடம். வருத்தப்பட்டாருங்கற எடத்துல.

பொறுங்க, பொறுங்க. அப்ப நாய் மேலதான தப்புன்னு சொல்லாதீங்க. அந்த வார்த்தைய மட்டும் என் காதுல போடாதீங்க.

மறுநாளு மொதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. தொப்பியக் கையில பிடிச்சுக்கிட்டு. முப்பத்தோரு வருஷத்துல எனக்கு முன்னால அவரு தொப்பிய எடுத்தது அன்னைக்குத்தான். கட்டில் பக்கத்துல நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தாரு. எஸெல், நீ இருக்கற கொட்டில் வீடு உனக்கும் வெர்னீஸுக்கும் சாகற வரைக்கும், அத எழுதியே குடுத்துடறேன்னாரு. புரூக்ஸ் இந்த நவம்பர்ல தேர்தல்ல நிக்கறான், குடிச்சிருந்தான்னு ஒரு வார்த்த வெளிய போனா அவன் வாழ்க்கையே போச்சுன்னாரு. என் கண்ணு போச்சுன்னு நான் சொல்லல. அப்புறம் சிரிச்சாரு. நாய்க்கு என்னப்பா, அது என்ன பேப்பரா படிக்கப் போகுதுன்னாரு.

நானும் சிரிச்சேன் டாக்டரம்மா. மூஞ்சி பூரா கட்டோட படுத்துக்கிட்டு சிரிச்சேன். அவரு மஞ்சத் தாள நீட்டினாரு, கையெழுத்துப் போட்டுட்டேன்.

ஆமா. பொய்தான். நீங்க வந்ததுலேருந்து இதத்தானே சொல்லிட்டிருக்கேன், வேற என்னத்தச் சொல்றேன்?

நாய் பேரு கெட்டா கெட்டுட்டுப் போகுதுன்னு நெனைச்சேன். யாரு அவன வந்து கேக்கப் போறா? ஆனா போன வாரம் இன்ஷூரன்ஸ்காரன் வந்தான். மஞ்சத் தாளப் படிச்சுட்டு, அப்ப அந்த நாயி இன்னும் விருந்தாளிங்களோட போகுதான்னு கேட்டான். ஒரே கேள்விதான். மறுநாளே மொதலாளி உங்களுக்குப் போன் போட்டுட்டாரு. என்கிட்ட வந்து, வேற வழியில்ல எஸெல், நம்ம எழுதினதுக்கு நம்மதான ஒத்துப் போகணும்னாரு. நம்மளாம். நம்ம!

கலையல. ஸெப் கலையவே இல்ல. அந்தக் காடை தாழ்வாத் திரும்புச்சு, புரூக்ஸ் அதோடயே துப்பாக்கியத் திருப்பினான், நான் நின்ன எடத்துலதான் நின்னேன். அவ்வளவுதான் நடந்துச்சு. நான் விழுந்தேன். அந்த விருந்தாளி கத்தறான், குதிரைங்க மிரண்டு ஓடுது, புரூக்ஸ் உக்காந்து வாந்தி எடுக்கறான். என்னத் தூக்கி வண்டியில போட்டுக்கிட்டு எல்லாரும் போயிட்டாங்க. பாதி வழியிலதான் கார்ல்டனுக்கு நாய் ஞாபகம் வந்துச்சாம். என்ன ரோட்டுல காருக்கு மாத்திவிட்டுட்டு, குதிரைய எடுத்துக்கிட்டுத் திரும்பிப் போயிருக்கான். முக்கால் மணி நேரம் ஆயிருச்சு. ஸெப் அங்கயே நிக்கறான் டாக்டரம்மா. அதே புதர் ஓரம். காடையும் இல்ல, ஆளும் இல்ல, புல்லுல என் ரத்தம் மட்டும் கெடக்கு. காலு நாலும் உதறுதாம், ஆனா ஒரு அடி எடுத்து வைக்கல. நான் வந்து தலையத் தட்டி, போதும்டான்னு சொல்லணும். அதுக்குத்தான் நின்னிருக்கான். கார்ல்டன் தட்டிப் பாத்திருக்கான், அசையல. என் கை இல்லன்னு தெரிஞ்சிருச்சு அவனுக்கு. கடைசில தூக்கித்தான் கொண்டு வந்திருக்கான், குதிரை மேல போட்டு.

அவன் மேலதான் எழுதிக் குடுத்தேன், நிலை கலைஞ்சான்னு.

வீடா? போகும். தெரியும். காலையில வெர்னீஸ் பாத்திரத்த எல்லாம் பழைய பேப்பர்ல சுத்திப் பெட்டியில அடுக்கிக்கிட்டிருந்தா. உண்மையச் சொல்லப் போறேன்னு நான் ஒரு வார்த்த சொல்லல அவகிட்ட. ஏன்டி இதெல்லாம்னு கேட்டேன். டாக்டரம்மா எத்தன மணிக்கு வர்றாங்கன்னா.

எழுதுங்க. உங்க பேப்பர்லயே எழுதுங்க. சுட்டது புரூக்ஸ் தாக்ஸ்டன், குடிச்சிருந்தாரு. நாய் நின்ன எடத்த விட்டு நகரல. இதுக்கு முன்னால குடுத்த வாக்குமூலம் பொய், அத எழுதிக் குடுத்தது எஸெல் டார்வர். ஷெரிஃபுக்கு ஒண்ணு, இன்ஷூரன்ஸ்காரனுக்கு ஒண்ணு, உங்ககிட்ட ஒண்ணு இருக்கட்டும்.

ஆச்சா? கொண்டாங்க பேனாவ. ஒத்தக் கண்ணு, எங்க போடணும்னு விரல வச்சுக் காட்டுங்க. இல்ல, இன்னும் கொஞ்சம் கிட்டக்க.