கிறிஸ்தோபர் இருக்கும் சுவர்

எங்கள் சிற்றாலயத்துக்குள் மெழுகுவத்தி ஏற்ற நான் யாரையும் விடுவதில்லை, ஐயா. புகை ஓவியத்துக்கு ஆகாது. சாவி என்னிடம் இருப்பதால் ஊரார் முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

வடக்குச் சுவரில் புனித கிறிஸ்தோபர், குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கிறார். ஏதோ ஒரு கொள்ளைநோய்க் காலத்தில் சுண்ணாம்பு அடித்து அவரை மறைத்திருந்தார்கள். பழைய ஓவியங்களைச் சீர்செய்ய சூர் நகரத்திலிருந்து வந்த உர்சினாதான் சிறு கத்தியால் சுரண்டிச் சுரண்டி அவரை மீட்டாள். முகம் தெரிந்த அன்று முதலில் என்னைத்தான் கூப்பிட்டாள். “பெரியவரே, உங்க ஆளு கண்ணைத் திறந்துட்டாரு, வந்து பாருங்க.” என் மனைவி செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

பனிச்சரிவு வந்த காலையில் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டவன் நான். சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தாள். அவள் உள்ளே இருக்கும்போதே ஆலயம் மணிக்கூண்டு வரை புதைந்தது, கூரை தாங்கிவிட்டது. கதவுப் பக்கம் முறிந்த மரங்களும் பாறைகளும் அடைத்துக்கொண்டன.

மீட்புக் குழுவை நடத்தியவன் என் அக்கா மகன் காஸ்பர். “மாமா, உள்ள ஆள் இருந்தா சொல்லுங்க. சுவரை இடிச்சாவது போயிடுறோம்.”

இடிக்க ஓர் இடம் இருந்தது. வடக்குச் சுவரின் வெளிப்பூச்சு உதிர்ந்து நான் சரிசெய்தபோது பார்த்திருக்கிறேன்: பழைய வாசல் ஒன்றை ஒற்றை வரிசைக் கல்லால் அடைத்திருந்தார்கள். உள்ளே அதற்கு நேராகக் கிறிஸ்தோபர். கல்லைப் பெயர்த்தால் முகம் வரை உதிர்ந்துவிடும்.

“யாருமில்லப்பா. அந்தப் பொண்ணு நேத்தே ஊருக்குப் போயிடுச்சு,” என்றேன்.

அவர்கள் கீழ்த்தெருவுக்குப் போய் ஒரு கிழவரை உயிரோடு எடுத்தார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். விடிந்ததும், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று தோன்றியது. உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. பனி இறங்கும் சத்தம் என்று பக்கத்தில் நின்ற ஊர்க்காரியிடம் சொன்னேன்.

கதவுப் பக்கம் தோண்டி முடித்தபோது அவள் கதவடியில் கிடந்தாள். கத்தி முனை மரத்தில் ஒடிந்து நின்றது. ஓவியத்தின்மேல் ஒரு கீறல் இல்லை. சாகும்போதும் புனிதரைக் காப்பாற்றியிருக்கிறாள் என்று ஊர் பேசுகிறது. நானும் தலையாட்டினேன்.

ஆனால் அவள் ஒருமுறை என்னிடம் கேட்டிருந்தாள், கிறிஸ்தோபர் இருக்கும் இடத்தில் தட்டினால் ஓசை வேறாக இருக்கிறதே, பின்னால் என்ன என்று. துளைத்துப் பார்ப்பாளோ என்று பயந்து, அங்கேயும் கெட்டிக் கருங்கல்தான் என்று சொன்னேன். அவள் நம்பிவிட்டாள்.