அக்கா மகனுக்குப் போகாதது

நாகர்கோவிலும் திருக்கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலம். பழவங்காடியில் நான் ஏறிய நாகர்கோவில் பஸ்ஸில், முன்ஸீட்டுக்காரர் திடீரென்று கேட்டார்: "என் கட்டி எப்படி என் மகனுக்கு வரும்?"

கேட்டது பக்கத்தில் இருந்த மனைவியிடம். மடியில் உறங்கிய பையனின் தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வீக்கம்.

"உங்க கழுத்தில கட்டி கீறின தழும்பைப் பார்த்த பொறவுதானே டாக்டர் சொன்னாரு, இது பாரம்பரியமா வருகதுன்னு?"

"பாரம்பரியம்னா அக்கா மகனுக்குல்லா போணும்?"

நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழிக் குடும்பம். மாமன் சொத்து, சகோதரி மகனான மருமகனுக்கு என்பதைச் சட்டம் மாற்றிப் பல வருஷமாகியும் மனிதர் மாறவில்லை.

"அக்கா மகன் கழுத்து வழுவழுன்னுல்லா இருக்கு," என்றாள் மனைவி. "நீங்க ஆபரேஷனுக்குச் சம்மதிச்சிருக்கலாம்."

"எங்க வழியில வராத ஒண்ணுக்கு நான் எப்படிச் சம்மதிக்க? எங்க மாமா கழுத்திலயும் ஒண்ணும் கிடையாது. பின்னே எனக்கு எங்கேருந்து வந்துது?"

"உங்க அப்பா கழுத்தில?"

பஸ் கரமனை ஆற்றுப்பாலத்தைத் தாண்டியது.

"அப்பா எப்பவும் கழுத்தைச் சுத்தித் துண்டு போட்டிருப்பாரு," என்றார் மெதுவாக. "கொடும் வெயில்லயும் எடுக்கமாட்டாரு."

"பார்த்தியளா! அப்பம் பையனுக்கு ஆபரேஷன் செய்யலாம்லா?"

அவர் காதில் அது விழவில்லை. தன் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எங்கப்பா எனக்கு ஒண்ணுமே தரல்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு நடந்தேனே."