ஏழு கீரியும் பத்தாயிரம் எலியும்

கூத்தாநல்லூர்ப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்க வரிசையில் நின்றேன். எங்கள் தெருவில் எல்லா மதத்துக்காரர்களும் வந்து வாங்குவோம். போன வருடம் அண்ணனும் என்கூட வந்தான். இப்போது அவன் உயிரோடு இல்லை.

எனக்கு முன்னால் அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள். சின்னவள் கையில் ஒரு கதைப் புத்தகம்.

"ராத்தா, கோட்டைக்குள்ள ஏழே ஏழு கீரி. வெளியில பத்தாயிரம் எலி!"

"ஏன், இன்னும் நாலு கீரியக் கூப்புட வேண்டியதுதானே? ஊர்ல கீரிக்கா பஞ்சம்?"

"நெறைய இருந்தா நல்லாருக்காது."

"ஏண்டி?"

"எலிக்கெல்லாம் பேரே இல்ல. நூறு செத்தாலும் நமக்கு ஒண்ணும் தோணாது. கீரி ஏழுதான். எது கொறட்டை விடும், எது மீனத் திருடும், எல்லாம் நமக்குத் தெரியும். ஒண்ணு இல்லன்னாலும் ஒடனே தெரிஞ்சிரும்."

"சரி, கடைசியில எது சாவுது?"

"தெரியாது. கடைசிப் பக்கத்த நான் படிக்கல. படிக்கிற வரைக்கும் ஏழும் இருக்குல்ல."

"லூசு," என்று சிரித்த அக்கா, புத்தகத்தைப் பிடுங்கினாள். கடைசிப் பக்கம் வரை புரட்டப் போனவள், அப்படியே மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். என் முறை வந்தது. தூக்கை நீட்டும்போதுதான் கவனித்தேன். அண்ணன் இருந்தபோது எடுத்து வரும் பெரிய தூக்கையே எடுத்து வந்திருக்கிறேன்.

கஞ்சி ஊற்றியவர் விளிம்பு வரை ஊற்றினார். போதும் என்று நான் சொல்லவில்லை.