பொழுது சாய்ந்ததும் இறக்கிய வலை

ஓடுகிறேன். தண்ணீர் முழங்கால் அளவு. சேறு காலைப் பிடிக்கிறது. கழுத்தில் கட்டிய இறால் கூடை நெஞ்சில் இடிக்கிறது. அறுத்துப் போட நேரமில்லை. பின்னால் துடுப்புகள் விழுகின்றன. மரத்தில் விழும் சத்தம் வேறு. மண்டையில் விழும் சத்தம் வேறு. அன்றைக்குத்தான் எனக்கு வித்தியாசம் தெரிந்தது.

எழுபதுகள் முடிகிற சமயம். ஐப்பசி. வியாழக்கிழமை. சூரியன் அப்போதுதான் இறங்கியிருந்தது. பழவேற்காட்டுப் பள்ளிவாசலின் பாங்கு ஏரியைத் தாண்டிக் கேட்டது. அது முடிவதற்குள் முதல் அடி விழுந்துவிட்டது.

"வலைய தூக்குங்கடா! இன்னிக்கி எங்க பாடு!"

கரைக்காரர்கள் மூன்று படகில் வந்தார்கள்.

பாடு என்றால் முறை. ஏரியில் எந்த நாள் யார் வலை இறக்குவது என்பதை ஊர் கூடி வைப்பது. கரையின் பழைய குடும்பங்களுக்கு மட்டுமே அது உண்டு. நாங்கள் வந்தேறிகள். எங்கள் தீவை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பதினேழு குடும்பம் சட்டிபானையோடு இந்தக் கரையில் இறங்கினோம்.

என் அப்பா, நைனா, ஊர்க்கூட்டத்தில் கைகட்டி நின்றார்.

"எங்க முப்பாட்டன் இந்தக் கரையிலேந்து போனவருதான். காலரா வந்தப்ப உசுரு பொழைக்கத் தீவுக்குப் போனாரு."

"படகுல வர்றவனெல்லாம் ஒரு பாட்டனைக் கூட்டிக்கினு வர்றான். அத்தாட்சி இன்னா வச்சிக்கிற?" என்றார் ஊர்த்தலைவர்.

கூட்டம் சிரித்தது. நைனாவிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இரண்டு மாதம் கெஞ்சினோம். கடைசியில் வாரத்தில் ஒரு நாள் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை. அது நிலைத்தால் இங்கேயே பிழைக்கலாம். இல்லையென்றால் மறுபடி படகேற வேண்டும்.

தீவில் எங்களுக்குப் பொழுது சாய்ந்ததும் அடுத்த நாள் தொடங்கிவிடும். வியாழன் சூரியன் இறங்கினால் வெள்ளிப் பாடு. இந்தக் கரையில் விடிந்தால்தான் நாள். அவர்கள் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவில்லை. நாள் எப்போது தொடங்கும் என்று யாராவது கேட்பார்களா?

நைனா படகில் எழுந்து நிற்கிறார். இரண்டு கையையும் தூக்குகிறார்.

"பொழுது சாஞ்சிடுச்சிப்பா! இது எங்க நாளு!"

துடுப்பு அவர் காதுக்கு மேலே இறங்குகிறது. தண்ணீரில் சரிகிறார். தம்பி வேலு அவரைத் தூக்கக் குனிந்தான். "அக்கா, கரைக்கி ஓடு!" என்று கத்தினான். மீன் குத்தும் ஈட்டி அவன் முதுகில் ஏறியது. குத்தியவனுக்கும் அவன் வயதுதான் இருக்கும்.

என் புருஷன் படகு தள்ளும் கழியைச் சுழற்றினார். குத்தியவன் கழுத்தில் விழுந்தது. ஒரு முறை. இன்னொரு முறை. அதற்கு மேல் தேவைப்படவில்லை. நான் நின்று பார்த்தேன். தடுக்கவில்லை. அடி என்றுதான் மனசுக்குள் சொன்னேன். பிறகுதான் ஓடினேன்.

கரையேறிப் பார்த்தால் எங்கள் குடிசைகள் எரிகின்றன. மூங்கில் வெடிக்கும் சத்தம். சரசரவென்று ஓலை. பிள்ளைகளைத் தாழங்காட்டுக்குள் தள்ளிவிட்டு அங்கேயே கிடந்தோம்.

மறுநாள் காலை அரசாங்க ஆஸ்பத்திரி. வராந்தாவில் மூன்று உடல். துணி நீளம் போதவில்லை. கால்கள் வெளியே தெரிந்தன. டாக்டர் வந்தார். இளம் ஆள், வெளியூர். கால்களைப் பார்த்தார்.

"மூணு பேரும் ஒரே குடும்பமா?"

இல்லை என்றேன். நைனாவையும் தம்பியையும் காட்டினேன். மூன்றாவது ஆள் எதிரி என்றேன். அவர் நம்பவில்லை. குனிந்து விரலால் தொட்டுக் காட்டினார். மூன்று பேருக்கும் கட்டைவிரலுக்கு அடுத்த இரண்டு விரலும் நகம் வரை ஒட்டியிருந்தன. எங்கள் வீட்டில் பாதிப் பேருக்கு அப்படித்தான்.

"இது பரம்பரையா வர்றதும்மா. உங்களுக்கும் இவங்களுக்கும் எங்கேயோ ஒரே பாட்டன் இருக்கலாம்."

அந்த ஊரில் யாரும் செருப்புப் போடுவதில்லை. கூட்டத்தில் எல்லாரும் வெறுங்காலோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். அத்தாட்சி கேட்ட ஒருவரும் நைனாவின் காலைப் பார்க்கவில்லை.

செத்தவனின் அண்ணன் சுவரோரம் நின்றிருந்தான். மெல்லத் தன் காலைக் குனிந்து பார்த்தான். நானும் பார்த்தேன். அவன் என்னிடம் வந்தான்.

"இத ஊர்ல சொல்லிக்கினு திரியாத."

சொன்னால் எங்களுக்குப் பாடு கொடுக்க வேண்டிவரும். அவனுக்கு அது புரிந்துவிட்டது. நான் அப்போது பயந்து வாயை மூடிக்கொண்டேன். இப்போது சொல்கிறேன்.

புருஷனைப் போலீஸ் கொண்டுபோனது. ஏழு வருடம் உள்ளே இருந்தார். மிச்சப் பேர் மறுபடி படகேறினோம்.

போனவை: குடிசை பதினேழு. படகு இரண்டு. வலை ஐந்து. ஒருமுறைகூட மீன் எடுக்காத ஒரு வெள்ளிக்கிழமைப் பாடு. இறந்தவர்கள், போலீஸ் எழுதியபடி, எங்கள் பக்கம் இரண்டு, அவர்கள் பக்கம் ஒன்று. அது தப்பு. மூன்றும் எங்கள் வீட்டுச் சாவு. அதில் ஒன்று நாங்கள் செய்தது.