உதவி வந்துகொண்டிருக்கிறது

காகிதத்தில் வரைந்த பொத்தானைக்கூட ஆட்கள் அழுத்திப் பார்ப்பார்கள் சார். கருவியைத் தயாரிப்பதற்கு முன்னால் அதன் மாதிரிகளைச் செய்து, நாலு பேரிடம் கொடுத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

இது தனியாக இருக்கும் வயதானவர்களுக்கான உதவிக் கருவி. முதல் மாதிரியைத் தாளில் வரைந்தேன். எங்களோடு இருந்த என் மாமனார் 'உதவி' என்ற கட்டத்தைத் தொட்டதும் அடுத்த தாளை எடுத்து வைப்பேன். "என்ன மாப்ள, சீட்டு விளையாடுறோமா?" என்று சிரித்தார். அடுத்த மாதிரி திரையில். தொட்டால் பக்கம் மாறும், பின்னால் ஒன்றும் கிடையாது.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்பது. பார்வைக்கு முழுக் கருவி. கேமரா உண்டு, குரலும் உண்டு. ஆனால் பக்கத்து அறையில் உட்கார்ந்து நான் கணினியில் தட்டுவதைத்தான் அது பேசும். எங்கள் தொழிலில் இது வழக்கம். விஷயம் தெரிந்துவிட்டால் சோதனை கெட்டுவிடும் என்பதால் அவரிடம் சொல்லவில்லை. என் மனைவியிடமும் சொல்லவில்லை.

அவருக்கு அது பிடித்துப்போயிற்று. "நீங்க எது கேட்டாலும் 'ம்'னுதான் சொல்வீங்க. இது மனுஷன் மாதிரி பேசுது" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது.

ஒரு கேள்விக்கு மட்டும் விடை கிடைக்காமலே இருந்தது. உண்மையான ஆபத்தில் ஒருவர் கருவியை எதுவரை நம்புவார்? சோதனைக்கு வருகிறவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடிப்பார்கள். நடிப்பை வைத்து என்ன செய்வது?

அன்று காலை மனைவி வேலைக்குப் போன பிறகு அவர் பொத்தானை அழுத்தினார். நெஞ்சில் கை. முகமெல்லாம் வியர்வை. நடிப்பில்லை என்று பார்த்ததுமே புரிந்தது. 'உதவி வந்துகொண்டிருக்கிறது' என்று தட்டினேன்.

"சரிப்பா" என்றார்.

கொஞ்சம் பொறுத்து, மகளைக் கூப்பிடப் பக்கத்திலிருந்த போனை எடுத்தார். 'பேச வேண்டாம். அமைதியாக இருங்கள். பக்கத்தில் வந்துவிட்டார்கள்' என்று தட்டினேன். போனைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கைக்கு வந்த போனைக் கீழே வைக்கிறார். வேறு யாருக்கும் கிடைக்காத விடை அது.

நான் இருந்த அறையின் கதவு திறந்துதான் கிடந்தது. சத்தம் போட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன். அவர் சத்தம் போடவில்லை. "வந்துட்டாங்களா?" என்று கருவியிடம் கேட்டார். 'வாசலில் நிற்கிறார்கள்' என்றேன். வருகிறவர்கள் முன்னால் ஒழுங்காக இருக்க வேண்டுமென்று நினைத்தாரோ என்னவோ, தலைமுடியைக் கையால் ஒதுக்கினார். சட்டைப் பித்தானைப் போடப் பார்த்தார், முடியவில்லை. பிறகு எதுவும் கேட்கவில்லை.

உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் மருத்துவர். இருக்கலாம்.

மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பா கூப்பிட்டாராங்க?"

இல்லை என்றேன். அது பொய்யில்லை சார். அவர் கருவியைத்தான் கூப்பிட்டார். என்னைக் கூப்பிடவே இல்லை.