சீராக ஏறும் மட்டம்

ஹைதராபாத் பட்டான்செருவில் ஷிப்ட் முடிந்து குகட்பள்ளிக்குத் திரும்பும் ஷேர் ஆட்டோ. எனக்கு எதிரே, மருந்துக் கம்பெனி அடையாள அட்டை தொங்க, இரண்டு பெண்கள்.

"ஆசிட் பம்ப்பை எப்படி செட் பண்ணே, சுதா?" என்றாள் மூத்தவள்.

"கலவை டேங்க் மட்டம் ஒரே வேகத்துல ஏறணும்னு வச்சேன் அக்கா. அப்போ ஊத்தறதும் ஒரே அளவுதானே?"

"அது கூம்பு டேங்க்டி! அடி குறுகல், மேல போகப் போக அகலம்."

சுதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மட்டம் ஏறுற வேகத்தை அந்த உயரத்துப் பரப்பால பெருக்கினாத்தான் ஊத்தற அளவு வரும். செயின் ரூல்! காலேஜ்ல எத்தனை தடவை போட்டிருப்பே?"

"பெருக்கலையே அக்கா... அப்போ இப்போ?"

"மட்டம் மேல அகலமான இடத்துக்கு வந்திருக்கும். ஆசிட் ஏகத்துக்குக் கொட்டிக்கிட்டிருக்கும். கலவை கொதிச்சுப் பொங்கிடும்டி, பிளான்ட்டுக்குப் போன் போடு!"

"பையா, ரோக்கோ!" என்று கத்திக்கொண்டே சுதா போனைக் காதில் வைத்தாள். ஆட்டோ ஓரமாக நின்றது.

"எதுக்குப் பதட்டம்னு அடுத்த ஷிப்ட் ஆபரேட்டர் சிரிக்கறான் அக்கா. மட்டம் கொஞ்சம்கூட மாறாம சீரா ஏறுதாம்."

"ஐயோ, சீரா ஏறினாத்தான்டி பயம்! நிறுத்தச் சொல்லு!"